பொதுச் சர்வரில் நமக்கென்று ஓர் இடம்: ஒரு சிறு வரலாறு



வேலையிடத்துச் சர்வரில் ஒரு மென்பொருளை நிறுவப் பார்க்கிறீர்கள். ‘அனுமதி இல்லை’ என்று திரை சொல்கிறது. அத்தோட முடிஞ்சுதா? இல்லீங்க. உங்கள் பெயரில் அங்கே ஒரு ஹோம் டைரக்டரி, அதாவது உங்களுக்கே உரிய அடைவு, இருக்கிறது. அதற்குள் நிறுவிக்கொள்ள வழி உண்டு. அந்த வழி ஒரே நாளில் வந்ததல்ல.

வேலி பிறந்த கதை

1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்து காட்டியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது: என் கோப்பை அடுத்தவர் பார்த்தால்? அதனால் ஆளுக்கொரு கோப்புப் பகுதியும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். ஆனாலும் ஒருநாள், ஒரு கோளாறால், உள்ளே நுழைந்தவர்களுக்கு வரவேற்புச் செய்திக்குப் பதிலாகக் கடவுச்சொல் பட்டியலே தெரிந்துவிட்டது! வேலி எவ்வளவு முக்கியம் பாருங்க.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டிலேயே, ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும், படிக்க, எழுத, இயக்கத் தனித்தனி அனுமதிகளும் உண்டு. பொது அடைவுகள் நிர்வாகியின் கையில் இருந்தன.

வேலிக்குள் சுதந்திரம்

இங்கேதான் முக்கியமான விஷயம். யூனிக்ஸில் நிரல் என்பது இயக்க அனுமதி பெற்ற ஒரு கோப்பு, அவ்வளவுதான். அது உங்கள் அடைவில் இருந்தாலும் ஓடும். இரண்டு கேள்விகள்தான் மிச்சம்.

கட்டளையை எங்கே தேடுவது? 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல்லில் ‘பாத்’ என்ற மாறி இருந்தது. தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலைப் பயனரே அதில் எழுதலாம்.

மென்பொருளை எங்கே வைப்பது? 1991-இல் டேவிட் மெக்கன்சி எழுதத் தொடங்கிய ஆட்டோகான்ஃப் கருவியால், ‘பிரிஃபிக்ஸ்’ என்ற தேர்வில் நாம் விரும்பும் இடத்தைக் குறிப்பிடுவது பரவலான வழக்கமாயிற்று. 2008-இல் வெளியான பைத்தான் 2.6, பயனரின் ‘.லோக்கல்’ அடைவில் நிறுவ நேரடியாகவே வழி தந்தது.

எல்லை எங்கே?

எல்லாம் முடியும்னு நினைச்சுடாதீங்க. கருவி இயக்கி போன்றவற்றுக்கு நிர்வாகி உரிமை கட்டாயம் வேண்டும். இன்னொன்று: நீங்களே நிறுவியதைப் புதுப்பிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் நிர்வாகிக்குத் தெரியாமலே போகலாம். கணினி தடுக்கவில்லை என்பதால் நிறுவனம் அனுமதித்துவிட்டது என்று பொருளாகாது. முதலில் விதியைக் கேளுங்கள், பிறகு நிறுவுங்கள்.

மாணவர் சிந்தனைக்கு

1. பகிர்ந்த கணினி, தனி அடைவு, கடவுச்சொல்: இவற்றின் காரண-விளைவுத் தொடர்பை விளக்குக.
2. ‘கட்டுப்பாடும் சுதந்திரமும் ஒரே வடிவமைப்பின் இரு பக்கங்கள்.’ யூனிக்ஸைச் சான்றாகக் கொண்டு கருத்துரைக்க.