இரும்பு ஆணியும் செம்புத் தகடும்

நான் நாரணாபுரத்துக்காரன். எங்க ஊர் பட்டாசு ஆலைகள்ல மருந்து கலக்குற இடத்துக்குள்ள இரும்புச் சாமான் போகக் கூடாது. உரசினா பொறி வரும். அந்தப் பழக்கத்துலதான் தூத்துக்குடி பழைய துறைமுகத்துல தோணிகளைப் பார்த்தப்போ முதல்ல ஆணியைப் பார்த்தேன். துருப்பிடிச்ச இரும்பு. ஒரு பழைய மரக்கப்பல் எங்கிருந்து கெட ஆரம்பிக்குது? அதான் இன்னைக்கு எபிசோடு.

பாய் கிழிஞ்சா கண்ணுக்குத் தெரியும், தைச்சுக்கலாம். ஆபத்து தண்ணிக்குக் கீழே. கப்பல் புழுன்னு ஒண்ணு இருக்கு. பேருதான் புழு, உண்மையில அது சிப்பி இனம். ஊசி முனை அளவு ஓட்டை வழியா நுழைஞ்சு, பலகைக்குள்ளேயே சுரங்கம் வெட்டிட்டுப் போகும். வெளிய பலகை புதுசு மாதிரியே இருக்கும். சுத்தியலால தட்டி, சத்தம் மந்தமா வந்தா சந்தேகப்படணும்.

1761-ல பிரிட்டிஷ் கடற்படை இதுக்கு ஒரு வழி பண்ணிச்சு. 'அலார்ம்' என்ற போர்க்கப்பலோட அடிப்பாகம் முழுக்க செம்புத் தகடு அடிச்சாங்க. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிட்டு வந்தது. 1763-ல சோதிச்சா, புழு இல்லை, பாசியும் பெருசா இல்லை. ஆனா இரும்பு ஆணிகள் அரிச்சுப் போயிருந்துச்சு! உப்புத் தண்ணியில செம்பும் இரும்பும் தொட்டுக்கிட்டா அது ஒரு பேட்டரி, கரையுறது இரும்பு. சில ஆணிகள் மட்டும் தப்பிச்சிருந்துச்சு. தகடு சுத்தி வந்த பழுப்புக் காகிதத்தைச் சில இடத்துல உரிக்காமலே அடிச்சிருக்காங்க; அதுவே இன்சுலேஷன் ஆயிடுச்சு. ஆணியையே செம்புக் கலவைக்கு மாத்தினது 1780-கள்ல. ஒரு பக்-ஐ மூடப்போய் இன்னொண்ணைத் திறந்து, அதைச் சரிபண்ண இருபது வருஷம். நம்ம டீம் பரவாயில்லை.

செம்புக்கு நம்ம தோணிக்காரங்க எங்க போவாங்க? அவங்க கொடுத்தது உழைப்பு. தென்மேற்குக் காற்று வலுக்குற மாசங்கள்ல தோணி கடலுக்குப் போகாது. அப்போ நடக்குறதுதான் கலப்பற்று வேலை. பலகை இடுக்குல இருக்குற பழைய பஞ்சைக் கிளறி எடுத்துட்டு, புதுத் திரியை உளி வெச்சு அடிச்சு இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவாங்க. தளர்வா அடிச்சா ஒழுகும். ரொம்ப இறுக்கினா, பலகை தண்ணியில ஊறி உப்பும்போது ஆணியையே இழுத்துடும். எவ்வளவு அடிக்கணும்னு டாக்குமென்டேஷன் கிடையாது, மேஸ்திரியோட கைதான். அந்தக் கையை நம்பித்தான் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் போகுது, கூடவே மாலுமிங்க உயிரும்.

அப்புறம் தோணிகளுக்கு இஞ்சின் வந்துச்சு. காத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பாய்க்கு வேலை குறைஞ்சுது. ஆனா இஞ்சின் அதிர்வுல பலகை இடுக்கு இன்னும் சீக்கிரம் தளரும். பாய் தைக்குறவர் இல்லாம ஓட்டிடலாம், உளி பிடிக்கிறவர் இல்லாம முடியாது.