எரிசக்திச் சிக்கனம்: கட்டடங்களைக் கணினியில் சோதித்தல்

ஒரு கட்டடம் எவ்வளவு எரிசக்தியை உட்கொள்ளும் என்பதை, அது நோக்கும் திசை, சுவர்களின் தன்மை, சன்னல்களின் அளவு ஆகியவை பெருமளவில் தீர்மானிக்கின்றன. கட்டி முடித்த பின்னர் இவற்றை மாற்றுவது கடினம், செலவும் அதிகம். எனவேதான், பணத்தைச் செலவிடுவதற்கு முன்பே கட்டடத்தைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் முறை முக்கியத்துவம் பெற்றுள்ளது.

உருவகப்படுத்தல் என்று அழைக்கப்படும் இம்முறையில், கட்டடத்தின் அமைப்பு, விளக்குகள், இயந்திரங்கள், அங்கு இருப்போரின் எண்ணிக்கை ஆகிய விவரங்களுடன் அவ்வூரின் வானிலைத் தரவுகளும் கணினிக்குத் தரப்படுகின்றன. ஓர் ஆண்டின் 8,760 மணி நேரங்களில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2001ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்ட எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருள் இவற்றுள் பரவலாக அறியப்பட்ட ஒன்றாகும்.

நியூயார்க் அனுபவம்

புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றிப் பழைய கட்டடங்களுக்கும் இம்முறை பயன்படும் என்பதற்கு, 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நியூயார்க்கின் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஒரு சான்று. 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அதன் எரிசக்திச் சீரமைப்புத் திட்டத்திற்காக அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகள் ஆராயப்பட்டு, எட்டு நடவடிக்கைகள் தேர்வு செய்யப்பட்டன.

ஒரு நடவடிக்கை மற்றொன்றை எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் காட்டியதே கணினி ஆய்வின் முக்கியப் பயன். சன்னல்களைத் தனியாகப் பார்த்தால், அவற்றைச் செம்மைப்படுத்துவது செலவு மிகுந்த வேலையாகவே தோன்றும். ஆனால் சன்னல்கள் வழியே வரும் வெப்பமும், விளக்குகள் வெளியிடும் வெப்பமும் குறைந்தால் குளிரூட்டும் தேவையும் குறையும் என்பதைக் கணக்கீடுகள் காட்டின. இதனால் பெரிய குளிரூட்டும் இயந்திரங்களைப் புதிதாக வாங்கத் தேவையின்றி, இருந்தவற்றையே சீர்செய்து பயன்படுத்த முடிந்தது.

இதன்படி 6,500க்கும் அதிகமான சன்னல்கள் அந்தக் கட்டடத்திற்குள்ளேயே, பழைய கண்ணாடிகளைக் கொண்டு மறுசீரமைக்கப்பட்டன. வெப்பமூட்டும் ரேடியேட்டர்களுக்குப் பின்னால், வெப்பம் வெளிச்சுவர் வழியே வீணாவதைத் தடுக்கும் தகடுகளும் பொருத்தப்பட்டன.

இந்த எட்டு நடவடிக்கைகளும் முழுமையடையும்போது எரிசக்திப் பயன்பாடு 38 சதவீதம் குறையும் என்றும், ஆண்டுக்குச் சுமார் 44 லட்சம் டாலர் மிச்சமாகும் என்றும் கணிக்கப்பட்டது. முதலாவது ஆண்டில் கிடைத்த சேமிப்பு, அந்த ஆண்டுக்கு உறுதியளிக்கப்பட்ட அளவைவிட 5 சதவீதம் அதிகம் என்று 2012ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

கணிப்பும் நடைமுறையும்

ஆனால் எல்லாக் கட்டடங்களும் கணிப்புக்கு ஏற்ப நடந்துகொள்வதில்லை. வடிவமைப்பின்போது எதிர்பார்க்கப்பட்டதைவிட மிக அதிகமான எரிசக்தியைப் பல புதிய கட்டடங்கள் செலவிடுவது பிரிட்டனில் நடத்தப்பட்ட ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. "செயல்திறன் இடைவெளி" என்று வல்லுநர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

மாலையில் அணைக்கப்படும் என்று கருதப்பட்ட விளக்குகள் இரவு முழுவதும் எரிவது, சுவர் இடுக்குகள் சரியாக அடைக்கப்படாமல் விடப்படுவது, இயந்திரங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தவறாக அமைக்கப்படுவது ஆகியன இதற்கான காரணங்களில் சில. கொடுக்கப்பட்ட அனுமானங்கள் தவறாக இருந்தால், மென்பொருள் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் விடையும் தவறாகவே அமையும்.

ஆகவே, கணினி தரும் எண்ணை வருங்கால மின்கட்டணமாகவே எடுத்துக்கொள்வது பொருந்தாது. இரண்டு வடிவமைப்புகளில் எது சிறந்தது, எங்கு செலவிட்டால் பயன் அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே இம்முறையின் வலிமை உள்ளது. அந்தக் கணிப்பு மெய்யானதா என்பதை, மக்கள் குடியேறிய பின்னர் மின்மானி காட்டும் அளவுகளுடன் ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். பல கட்டடங்களில் இந்த இறுதிக் கட்டப் பணி செய்யப்படாமலேயே விடப்படுகிறது.