மாதவியின் முத்திரை

கொல்லிமலையிலிருந்து வந்து எங்கள் துறையில் படிக்கும் மாணவியிடம், உதவித்தொகை பற்றி மின்னஞ்சல் வந்ததா என்று கேட்டேன். "மெயில் என்கிட்ட இல்ல மேம். அப்ளிகேஷன் போட்டுக் கொடுத்த கடைக்கார அண்ணன்கிட்ட இருக்கு" என்றாள்.

முகவரியில் அவள் பெயர். கடவுச்சொல் அவருடைய நோட்டில். கணக்கை மீட்பதற்கான எண் அவருடைய கைபேசி எண். அவர் கெட்டவரல்ல, கணக்குத் தொடங்கிய நாளில் அவள் வீட்டில் கைபேசி இல்லை, அவ்வளவுதான். ஆனால் விடுமுறையில் ஊரில் இருக்கும்போது தன் கடிதத்தைப் படிக்க, அவள் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, கடை திறந்திருக்கும் நேரம் பார்த்து, ஓர் ஆணிடம் கேட்க வேண்டும்.

எனக்கு மாதவியின் நினைவு வந்தது. பிரிந்துபோன கோவலனுக்கு அவள் தாழை மடலில் எழுதி, வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய முதல் கடிதத்தை அவன் வாங்க மறுத்தான். இரண்டாவதைக் கோசிகன் காட்டுவழியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மண் இலச்சினையில் அவள் கூந்தல் நெய்யின் மணம் இருந்தது. அனுப்பியவள் அவள்தான் என்பதற்கு அதுவே சான்று. முத்திரையை உடைத்துப் படித்த கோவலன் அவள்மேல் குற்றமில்லை என்று உணர்ந்தான். அடுத்து அவன் செய்ததை வகுப்பில் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். தன் பெற்றோருக்குச் சொல்ல நினைப்பதற்கும் அந்த ஓலை பொருந்துகிறது என்று, அதையே அவர்களுக்குக் கொடுத்தனுப்பினான். எழுதியவளை யாரும் கேட்கவில்லை.

நான் தங்கிப் படித்த விடுதியில் பெண்களுக்கு வரும் கடிதங்கள் பிரிக்கப்பட்ட பிறகே கைக்கு வரும். ஆண்கள் விடுதியில் அப்படியில்லை. அதனால்தான் மின்னஞ்சல் வந்தபோது எனக்கு அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ரே டாம்லின்சன் முதல் மின்னஞ்சலை அனுப்பியது 1971இல். முகவரியின் நடுவே @ குறியை வைத்தவரும் அவரே. அதன் வாலில் வரும் டாட் காம், டாட் எஜு போன்றவற்றை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண். பாடப்புத்தகங்களில் டாம்லின்சன் இருக்கும் அளவுக்கு இவர் இல்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல். மறு ஆண்டு சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். சொந்தக் கணினியோ இணைப்போ இல்லாதவரும் எந்தக் கணினியிலும் தன் கடிதத்தைத் திறக்கலாம் என்றானது.

எந்தக் கணினி என்பதுதான் சிக்கல். என் முதல் கணக்கை பிரவுசிங் சென்டரில் தொடங்கினேன். பின்னால் நிற்பவருக்கு விசைப்பலகை நன்றாகத் தெரியும். 2011இல் வந்த மத்திய அரசின் விதிகள், அங்குள்ள தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்றன. பாதுகாப்புக்காகத்தான். பெண்களின் அந்தரங்கத்துக்கு எத்தனை அடி வேண்டும் என்று அந்த விதி கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

மாணவியும் நானும் துறை நூலகத்தில் உட்கார்ந்தோம். கடைக்காரரைக் கைபேசியில் அழைத்தாள். அவருக்கு வந்த குறியீட்டை அவர் வாசித்துச் சொன்னார். உள்ளே போனதும் மீட்பு எண்ணை இப்போது தன்னிடமுள்ள எண்ணுக்கு மாற்றினாள். வேறு எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றிலும் வெளியேறினோம். பிறகு அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்' பகுதியைப் பார்க்கச் சொன்னேன். அங்கே யாராவது ஒருமுறை தன் முகவரியைச் சேர்த்துவிட்டால், கடவுச்சொல்லை மாற்றினாலும் கடிதங்கள் அங்கே போய்க்கொண்டே இருக்கும். கோவலன் செய்த வேலை, சத்தமில்லாமல்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டோம். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, எஸ்எம்எஸ் வராது. அதற்காகக் கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளை அச்செடுத்தாள். அம்மாவின் தகரப்பெட்டியில் வைப்பாளாம். முதலில் படித்த பள்ளி எது என்பது போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லாதே என்றேன். ஊருக்கே தெரிந்த பதில் பூட்டாகாது.

எல்லாப் பெண்களுக்கும் இந்த வழி சரிவராது. கணவனோ அண்ணனோ கண்காணிக்கும் வீட்டில் கடவுச்சொல்லைத் திடீரென்று மாற்றினால், அவருடைய கைபேசிக்கு எச்சரிக்கை போகும், அன்றிரவே கேள்வி வரும். அவர்கள் பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டு, அவர் தொடாத கருவியில் புதிதாக ஒன்றைத் தொடங்குவது நல்லது. "நமக்குள்ள என்ன ரகசியம்?" என்பவர்கள் தங்கள் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுக் கேட்பதை நான் பார்த்ததில்லை. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கடைசியாகப் புதுக் கடவுச்சொல். தொடர்பில்லாத நான்கைந்து சொற்கள், சாமி பெயரும் பிறந்த நாளும் வேண்டாம் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "இது சரியா இருக்குமா மேம்?" என்று சொல்லத் தொடங்கினாள். கையைக் காட்டி நிறுத்தினேன். நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. ஒருமுறை தப்பாகிவிட்டது போல, மறுபடி தட்டினாள்.

"முடிச்சிட்டேன் மேம், திரும்புங்க."