வட சென்னைக் குத்துச்சண்டைக் கதைகளில் குடும்பப் பிரிவும் மீட்சியும்

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வட சென்னையின் குத்துச்சண்டை மரபு, தமிழ்த் திரைப்படத்துக்கு ஒரு தனிக் கதைவகையைத் தந்திருக்கிறது. உடன்பிறந்தாருக்குள்ளும், தந்தைக்கும் மகனுக்கும் இடையிலும், வாத்தியாருக்கும் சீடருக்கும் இடையிலும் மூளும் மனத்தாங்கல் சண்டை மேடையின் வழியாகத் தீர்வதே அதன் மையப் பொருள். ‘பூலோகம்’ (2015), ‘இறுதிச்சுற்று’ (2016), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) ஆகியவை அண்மைக்கால எடுத்துக்காட்டுகள். மேலை நாட்டுத் திரைப்படங்களிலும் இக்கதைவகைக்கு நெருங்கிய உறவினர் உண்டு.

களம்

துறைமுகம், மீன்பிடித் தொழில், ரயில்வே, ஆலைகள் ஆகியவற்றை நம்பி வாழும் பகுதி வட சென்னை. திருவொற்றியூரைச் சேர்ந்த விம்கோ நகர், அங்கு இயங்கிய தீப்பெட்டி ஆலையின் பெயரால் அமைந்தது. ராயல் என்ஃபீல்டு, அசோக் லேலண்ட் ஆலைகளும் இவ்வட்டாரத்தில்தான் எழுந்தன. மூட்டை சுமப்பவர், வலை இழுப்பவர், ஆலைத் தொழிலாளி ஆகியோரின் உடல் உழைப்பும் தன்மான உணர்வும் இங்கு பாக்சிங் வேரூன்றக் காரணங்களாயின.

பரம்பரை முறை

ஆங்கிலேயர் காலத்தில் சென்னைக்கு வந்த இந்த விளையாட்டை உள்ளூர் மக்கள் ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று அழைத்தனர். வீரர்கள் பரம்பரைகளாகப் பிரிந்து மோதினர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் அவற்றுள் புகழ்பெற்றவை. சார்பட்டா வீரர்களில் கித்தேரி முத்துவின் பெயர் இன்றும் வியப்போடு பேசப்படுகிறது. முகமது அலி 1980-இல் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியது இப்பகுதி ரசிகர்களின் பெருமைமிகு நினைவாக நிலைத்துள்ளது.

பரம்பரை என்பது குருதி உறவை மட்டும் சார்ந்ததன்று. வாத்தியாரிடம் கற்கும் எவரும் அதன் பிள்ளையாகிறார். ஆகவே வாத்தியார் பெற்ற மகனும், அவர் வளர்த்த சீடனும் ஒரே தகப்பனின் பார்வைக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்படுகிறது. வட சென்னைக் கதைகளின் உடன்பிறப்புப் பகை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

சார்பட்டா பரம்பரை

பா. இரஞ்சித் இயக்கிய இப்படம் 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளியானது. கதை நெருக்கடி நிலைக் காலத்தில் நிகழ்கிறது. துறைமுகத் தொழிலாளி கபிலன் (ஆர்யா), ரங்கன் வாத்தியாருக்காக (பசுபதி) இடியப்ப பரம்பரையின் வேம்புலியை எதிர்க்க முன்வருகிறான். தனக்குக் கிடைக்க வேண்டிய இடம் கபிலனுக்குப் போனதை ரங்கனின் மகன் வெற்றிச்செல்வனால் (கலையரசன்) தாங்க முடியவில்லை. போட்டி கலவரத்தில் முடிகிறது. கபிலன் சாராயத் தொழிலிலும் குடியிலும் விழுகிறான். அந்தப் பாதையில் அவனுக்குத் துணையாவதும் வெற்றிச்செல்வன்தான்.

கபிலனின் தந்தை குத்துச்சண்டை வீரராக இருந்து ரவுடியாகிக் கொல்லப்பட்டவர். அதனால் தாய் பாக்கியம் மகனை மேடையேற விடாமல் தடுத்தே வந்தவர். மகன் சீரழிவதைக் கண்டதும் அவரே அவனை மீண்டும் பயிற்சிக்கு அனுப்புகிறார். படத்தின் மிக உயர்ந்த தருணம் இதுவே. கணவனைப் பறித்த அதே விளையாட்டின் கையில் மகனை ஒப்படைக்கும் துணிவு, எந்த நாக் அவுட்டையும் விடப் பெரியது.

பிற தமிழ்ப் படங்கள்

சுதா கொங்கரா இயக்கிய ‘இறுதிச்சுற்று’ பகையைச் சகோதரிகளுக்கிடையே நிறுத்தியது. போலீஸ் வேலைக்காகப் பயிற்சி பெறும் அக்காள் லட்சுமியை விட, மீன் விற்கும் தங்கை மதியிடமே பயிற்சியாளர் அதிகத் திறமையைக் காண்கிறார். பொறாமையில் அக்காள் தங்கையின் கையைக் காயப்படுத்துகிறாள். மதியாக நடித்த ரித்திகா சிங் உண்மையிலேயே சண்டைக்கலை வீராங்கனை. இந்நடிப்புக்காகத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்புப் பெற்றார்.

வட சென்னைக்கு வெளியே, கிக் பாக்சிங்கை வைத்து இரு படங்கள் இதே பொருளைத் தொட்டன. ‘பத்ரி’யில் (2001), தாக்கப்பட்ட அண்ணனுக்குப் பதிலாகப் பொறுப்பற்ற தம்பி மேடையேறித் தந்தையின் மதிப்பை மீட்கிறான். ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’யில் (2004), தாயை இழந்த மகன் மலேசியாவில் பயிற்சியாளராக இருக்கும் தந்தையைத் தேடிச் செல்கிறான்.

உலக ஒப்பீடு

‘வாரியர்’ (2011) என்ற அமெரிக்கப் படத்தில், குடிகாரத் தந்தையால் சிதறிய அண்ணனும் தம்பியும் கலப்புச் சண்டைக்கலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் எதிரெதிரே நிற்கின்றனர். அது இந்தியில் ‘பிரதர்ஸ்’ (2015) என மீண்டும் எடுக்கப்பட்டது. உண்மை வாழ்வில் இதற்கு அருகில் வருபவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரத்துக் குத்துச்சண்டை வீரர் மிக்கி வார்டும், தாய்வழி அண்ணன் டிக்கி எக்லண்டும். 1978-இல் சுகர் ரே லெனார்டுடன் மோதிய டிக்கி பின்னர் போதைக்கு அடிமையாகிச் சிறை சென்றார். மீண்டுவந்து தம்பிக்குப் பயிற்சியளித்தார். ‘தி ஃபைட்டர்’ (2010) இவர்களின் கதை. உலக ஹெவிவெயிட் பட்டங்களை வென்ற உக்ரைனிய சகோதரர்கள் விட்டாலி கிளிச்கோவும் விளாதிமிர் கிளிச்கோவும், தங்களுக்குள் மோத மாட்டோம் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை இறுதிவரை காத்தனர்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை தெளிவாகிறது. குடி, போதை, தந்தையின் சமமற்ற பார்வை ஆகியவை குடும்பத்தை உடைக்கின்றன. ‘வாரியர்’ போன்ற படங்களில் சகோதரர்கள் ஒருவரையொருவர் அடித்துத்தான் நெருங்குகிறார்கள். ‘சார்பட்டா’விலோ தாயும் வாத்தியாரும் மீண்டும் ஏற்றுக்கொள்வதே மீட்சி, வெற்றி அதைத் தொடர்ந்து வருகிறது.

முக்கியத்துவம்

ரயில்வே, காவல்துறை, ராணுவம் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் வழியாக இன்று இவ்விளையாட்டு பல குடும்பங்களுக்கு நிலையான வருமானத்தைத் தருகிறது. ஒரு காலத்தில் ரவுடிகளின் விளையாட்டு என்று இகழப்பட்ட கலை, உழைக்கும் மக்களின் பண்பாடாகத் தலைநிமிர்ந்து நிற்க இத்திரைப்படங்கள் துணைபுரிந்துள்ளன. ஆனால் திரைக்கதைக்கு அடிப்படையான உண்மை வரலாறு பெருமளவு வாய்மொழியாகவே வாழ்கிறது. மூத்த வாத்தியார்களின் நினைவுகளையும், பிள்ளைகளை மேடைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்த பெண்களின் நினைவுகளையும் அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்வது தமிழ்ச் சமூக வரலாற்றாய்வின் கடமையாகும்.