அப்பாவின் பம்புசெட்டும் குளச்சல் வள்ளமும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது குளச்சல் பக்கம் மீன்பிடி வள்ளங்களின் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்க்கிறான்.

"டீச்சர், ஒரு மோட்டார் உயிரை எடுக்குது. வேகமா ஓட்டினா நல்லா ஓடுது. ஐடிலிங்ல விட்டா கரும்புகை, திணறி நின்னுடுது. மூணு பிளக் மாத்திட்டேன், மூணும் கரி பிடிச்சுருச்சு. ஸ்க்ரூவை இறுக்கிடலாமான்னு பார்க்கிறேன். அப்பதான் நீங்க வகுப்புல சொன்ன பம்புசெட் கதை ஞாபகம் வந்துச்சு" என்றான்.

"இறுக்காதே கண்ணு, இரு" என்றேன்.

அந்தக் கதையைத் தெரியாதவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். ராஜபாளையத்தில் அய்யனார் கோயில் போகும் பாதையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பம்புசெட். 1976ல் அது கரும்புகை கக்கியது. அப்பா கார்புரேட்டர் ஸ்க்ரூவை இறுக்கி எண்ணெய் வரத்தைக் குறைத்தார். டார்ச் பிடித்தது நான்தான். புகை நின்றது, எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் உண்மையான கோளாறு வேறு. சோக் மூடி பாதியில் சிக்கி, காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மதியம் அதிர்வில் அந்த மூடி தானாகத் திறந்துகொண்டது. காற்று கூடிவிட்டது, எண்ணெயோ ஏற்கெனவே குறைவு. இன்ஜின் கொதித்து பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பருத்தி காய்ந்தது. என் காலேஜ் படிப்புக்கு வைத்திருந்த பணம் கடனுக்குப் போனது. பி.எஸ்சி. கனவை விட்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பெட்ரோல் தனியாக எரியாது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். அதைக் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டர். பெட்ரோலைத் தூவிக் கலக்கும் முறையை 1893ல் ஜெர்மனியின் மேபாக்கும், அதே ஆண்டில் ஹங்கேரியின் பாங்கி, சொங்கா இருவரும் கொண்டுவந்தார்கள். படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை 1909ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஓலே எவின்ரூட். அவர் பிறந்தது நார்வேயில்.

அதே நார்வேயின் உதவியோடு 1953ல், செங்கோட்டை வழியாக மலை தாண்டினால் வரும் கொல்லத்துக்குப் பக்கத்தில், நீண்டகரையில் இந்திய - நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. அங்கே இன்ஜின் படகுக்குள்ளேயே இருந்தது. வெளியே மாட்டும் மோட்டார் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் பரவியது 1980களில். அவற்றில் பலவும் எங்கள் பம்புசெட் போலவே பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கரை சேருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் கார்புரேட்டரில் தங்கும் மண்ணெண்ணெயால் மறுநாள் கிளப்புவது பெரும்பாடு.

சரி, கோளாறு ஐடிலிங்கில் மட்டும் ஏன் தெரிகிறது? நம் ஊர் பால்கோவாக்காரரைக் கேளுங்கள். பால் கொதிக்கும்போது அடுப்பில் ஒரு விறகு கூடினால் தெரியாது. இறுகும் நேரத்தில் ஒரு விறகு கூடினால் அடிப்பிடித்துவிடும். இன்ஜினும் அப்படித்தான். வேகத்தில் நிறையக் காற்று போகிறது, கூடுதலாக வரும் சொட்டும் எரிந்துவிடும். ஐடிலிங்கில் காற்று கொஞ்சம்தான். அங்கே நாலு சொட்டு கூடினாலே பிளக் நனைந்து கரி பிடிக்கும்.

அவனிடம் வரிசையாகப் பார்க்கச் சொன்னேன். முதலில் சோக் முழுதாகத் திறக்கிறதா? அடுத்து, மிதவை ஊசி சரியாக மூடுகிறதா, கார்புரேட்டர் வழிகிறதா? மூன்றாவது, பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கிறதா? அது கிழிந்தால் கார்புரேட்டரைத் தொடாமலே பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகும். ஸ்க்ரூ கடைசி. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே வருவதால், ஸ்க்ரூவை இறுக்கினால் இரண்டுமே குறையும்.

மறுநாள் போட்டோ அனுப்பினான். டயாபிரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை! நான் வரிசைதான் சொன்னேன், கண்டுபிடித்தது அவன். அந்த வள்ளத்தில் ஐந்து பேர் போகிறார்களாம். அலை உடையும் இடத்தில் மோட்டார் நின்றால் வள்ளம் கவிழலாம்.

2020ல் பி.எஸ்.6 வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய்விட்டது. ஆனால் புகையை நிறுத்துவது வேறு, கோளாறைத் தீர்ப்பது வேறு என்ற பாடம் போகவில்லை. அப்பா அதற்குப் பெரிய விலை கொடுத்தார். அந்த விலையில்தான் நான் உங்களுக்கு டீச்சராகக் கிடைத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் மண்ணெண்ணெய் பம்புசெட் இருந்ததா? கமெண்டில் எழுதுங்கள்.