முத்துத் தோடும் ரொட்டிக் கடனும்

ட்ரேசி ஷெவலியரோட 'கேர்ள் வித் எ பேர்ல் இயர்ரிங்' நாவலை (1999) ரெண்டாவது தடவையா படிச்சு முடிச்சேன். டச்சு ஓவியர் வெர்மீர், தன் வீட்டு வேலைக்காரப் பொண்ணு க்ரீட்டை, மனைவியோட முத்துத் தோட்டைப் போடச் சொல்லி வரையறார். அதுதான் கதை. முதல் தடவை க்ரீட்டுக்காக உருகோ உருகுன்னு உருகினேன். இந்தத் தடவை என்னமோ மனசு கத்தரீனா பக்கமே போச்சு. அதாங்க, அந்த மனைவி. கதையில அவங்க சிடுமூஞ்சி, பொறாமைக்காரி. 2003ல வந்த படத்துல ஓவியத்தைக் கிழிக்கவே பாய்வாங்க.

விஷயம் என்னன்னா, க்ரீட் முழுக்க முழுக்க கற்பனை. கத்தரீனா போல்னெஸ் நிஜம்.

வெர்மீர் எழுதின கடிதமோ நாட்குறிப்போ எதுவும் கிடைக்கலை. அவரைப் பத்தித் தெரிஞ்சதுல பெரும்பகுதி டெல்ஃப்ட் ஊர்ப் பத்திரங்கள்ல இருந்து வந்ததுதான். 1665 வாக்குல வரைஞ்ச அந்த முத்துத் தோடு ஓவியமும் குறிப்பிட்ட யாரோட உருவப்படமும் இல்லை, அந்தக் கால டச்சு ஓவியர்கள் வரைஞ்ச கற்பனை முகங்கள்ல ஒண்ணுன்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க. இவ்வளவு பெரிய காலியிடம் இருந்தா எந்த எழுத்தாளருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அதுல தப்பே சொல்ல மாட்டேன்.

ஆனா கத்தரீனா விஷயத்துல இடம் காலியா இல்லையே! 1672ல பிரெஞ்சுப் படையெடுப்பு வந்து ஓவிய வியாபாரம் படுத்துடுச்சு. 1675 டிசம்பர்ல, 43 வயசுல, வெர்மீர் போயிட்டார். வீட்டில 11 பிள்ளைங்க, தலைக்கு மேல கடன். நல்லா இருந்த மனுஷன் ஒண்ணரை நாள்ல போயிட்டார்னு அப்புறமா ஒரு மனுவில சொன்னது கத்தரீனாதான்.

1676 பிப்ரவரியில 'ஓவியக் கலை'ங்கற படத்தை, அம்மா மரியா தின்ஸுக்குத் தர வேண்டிய கடனுக்காகன்னு அவங்க பேருக்கு மாத்தினாங்க. மத்த கடன்காரங்க கைக்குப் போகக்கூடாதுங்கற தவிப்புன்னுதான் எனக்குத் தோணுது. சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர் அதை ஒத்துக்கலை. யார் தெரியுமா? நம்ம மைக்ராஸ்கோப் லூவன்ஹூக்! (நாவல்ல அவர் வெர்மீரோட நண்பர்!) அந்த ஓவியம் இப்போ வியன்னா மியூசியத்துல இருக்கு.

இதுக்கு முந்தின மாசமே ரொட்டிக்கடைக்காரர்கிட்ட ரெண்டு ஓவியத்தைக் கொடுக்க வேண்டியதாப் போச்சு. பாக்கி 600 கில்டருக்கு மேல. அதையும் சும்மா தூக்கிக் கொடுத்துடலை. வருஷத்துக்கு 50 கில்டர் வீதம் கட்டி முடிச்சா படங்கள் திரும்ப வரணும்னு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 12 வருஷத்துக்கு மேல ஆகும்.

கத்தரீனா 1687 கடைசியில செத்துப் போனாங்க.