சாளுவ நரசிம்மரும் நரச நாயக்கரும்: விசுவாசம் கைமாறிய இருபது ஆண்டுகள்

திருப்பதியை அடுத்த சந்திரகிரியைத் தளமாகக் கொண்டிருந்த சாளுவ நரசிம்மர், 1485-இல் சங்கம மரபின் கடைசி அரசரை அகற்றி விஜயநகர அரியணை ஏறினார். பேரரசைச் சிதைவிலிருந்து காக்கத் திறனற்ற வாரிசு விலக வேண்டும் என்பதே அதற்கான நியாயம். தலைநகரை அவருக்காகக் கைப்பற்றியவர் தளபதி நரச நாயக்கர். 1491-இல் இறக்கும்போது நரசிம்மர் தம் இளம் புதல்வர்களை அவரிடமே ஒப்படைத்தார்.

மூத்தவர் விரைவில் கொல்லப்பட்டார். இளையவரான இம்மடி நரசிம்மர் பெனுகொண்டாக் கோட்டையில் பெயரளவு அரசராக வைக்கப்பட்டார். அதிகாரம் நரசரிடம் இருந்தது. 1505-இல், நரசரின் மகன் வீரநரசிம்மர் பொறுப்பிலிருந்தபோது, இம்மடியும் கொலையுண்டார். துளுவ மரபு அரியணை ஏறியது.

அரச மரபின் மீதான விசுவாசத்தை 1485-இல் முறித்தவர், 1491-இல் அதே விசுவாசத்தை நம்பியே தம் பிள்ளைகளை விட்டுச்சென்றார்.